பாவக்காய்க்குக் காவல்

தண்ணித்தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவுல ஒரு ஆளு ஒருக்களிச்சு உக்காரத்தான் எடம் இருக்கு, அதுலயும் சங்கரவடிவு மாதிரி ஒடம்பு வாச்சவ உக்காந்தா மூச்சக்கூட அளந்துதான் விடணும், ஆனாலும் மணி மூணு அடிக்க முந்தியே வந்து உக்காந்துட்டா, பழைய சாக்கு ஒண்ண மடிச்சுப் போட்டு, தலையில முந்தானைய இழுத்து விட்டுக்கிட்டு. பாளையங்கோட்டையில இந்தக் குடியிருப்புக்கு வந்து பதினாலு வருசம் ஆச்சு, மொட்டமாடித் தட்டட்டியில இப்படி ஒரு மூலை இருக்கதே அவளுக்கு இன்னைக்குத்தான் தெரியுது. மாசி மாசத்து வெயிலு, தளம் சுடுது. தொட்டிக்குள்ள தண்ணி எங்கயோ சொட்டுது, டொக், டொக்குனு, யாரோ படியேறி வார மாதிரி, ஒவ்வொரு சொட்டுக்கும் இவ நெஞ்சு ஒரு தரம் ஏறி எறங்குது. வரட்டும். இன்னைக்குக் கையும் களவுமாப் புடிச்சாகணும். ஆறு மணிக்குக் கீழ குடியிருப்புக்காரங்க கூட்டம் இருக்கு, எல்லாரும் கூடி இருக்கையில ரோஸ்லின் டீச்சர் பேரச் சொல்லிக் கேட்டுரணும், கேட்ட கையோட பாத்திக்கு நடுவுல கல்லு வச்சு ரெண்டாப் பிரிச்சுரணும், பூவு அந்தப் பக்கம், காய் இந்தப் பக்கம், பொறவு அவ மூஞ்சில முழிக்க வேண்டாம். ஆனா பாக்காமச் சொல்ல முடியாதுல்லா. கண்ணால பாக்காததச் சொன்னா வாய் அழுகிப் போகும்னு அவ அம்மை சொல்லுவா, அம்மை சொன்னதுல பாதிக்கு மேல பொய்யிதான், இருந்தாலும் வாய் விசயத்துல எதுக்கு வம்பு.

தொட்டியோட வளைவு வழியா ஒரு கண்ணு அகலத்துக்குப் பாத்தி தெரியுது. ஆறடி நீளம், மூணடி அகலம், முழங்கால் ஒசரம். யாரோ வீடு கட்டி மிச்சம் போட்ட சிமிண்டுக் கல்ல அடுக்கி, தார்ப்பாய் விரிச்சு, செம்மண்ணும் தேங்கா நார்த்தூளும் ஆட்டுப்புழுக்கையுமாக் கலந்து ரொப்புனது, ரெண்டு பொம்பளைகளும் வாளி வாளியாச் சொமந்து, மூணு மாடி ஏறி, ஒரு மாடிக்கு ஒருக்க நின்னு மூச்சு வாங்கி, நின்ன எடத்துல எல்லாம் ஒரு கதை பேசி. யோசனை டீச்சரோடது. கீழ்வீட்டுல தனியா இருக்கா ரோஸ்லின், வேலையில இருந்து நின்னு ரெண்டு வருசம் ஆனாலும் எல்லாருக்கும் இன்னும் டீச்சர்தான். "நீங்க காய் போடுங்க மைனி, நான் பூவு போடுதேன், தனித்தனியா வேண்டாம், கலந்தே போடுவோம், கத்தரிக்குப் பக்கத்துல கேந்தி நின்னாப் புழு அண்டாது"ன்னா. அப்படியே போட்டாக. கத்தரிக்கு ரெண்டு பக்கமும் மஞ்சக் கேந்தி, வெண்டைக்கு அடியில வாடாமல்லி, பாவக்கொடி ஏற நாலு கம்பு, அந்தக் கம்புக்கு அடியில டீச்சரோட செவ்வந்தி. இவ அன்னைக்கே ஒரு கயிறு கட்டி வகுந்துக்கிடலாம்னு சொன்னா. அதுக்கு டீச்சர் சிரிச்சா. "ஊரு பூராவும் வேலி போட்டுக் கெடக்கு, இந்த ஆறடியிலயுமா மைனி"ன்னா. அந்தச் சிரிப்ப அப்பவே நல்லா யோசிச்சிருக்கணும். வேலி வேண்டாம்னு ஒருத்தி சொல்லுதான்னா அவளுக்கு வேலி எதுக்கு எடைஞ்சலா இருக்குன்னு யோசிக்கணுமா வேண்டாமா. மொதச் சனிக்கிழமை போனது வெண்டக்கா, நாலே நாலு, காலைல தண்ணி ஊத்தையில இருந்துச்சு, விளக்கு வைக்கையில இல்ல, காம்ப சுத்தமா நறுக்கி எடுத்துருக்கு. அணிலு கத்தியா வச்சிருக்கு. அடுத்த சனிக்கிழமை கத்தரிக்கா. அதுக்குக் காம்புல சுண்ணாம்புப் பொட்டு வச்சிருந்தா இவ, கண்ணுபடாம இருக்கன்னு டீச்சர்ட்ட சொன்னா, அடையாளத்துக்குன்னு சொல்லல. பொட்டோட போயிருச்சு. போன சனிக்கிழமை மொளகா. இப்போ கொடியில ஒத்தப் பாவக்கா தொங்குது, முள்ளு முள்ளா, விரல் நீட்டிக் காட்டுனா வெம்பிரும்னு இவ விரல மடக்கி மொட்டக்கையாலதான் வீட்டுக்காரருக்குக் காமிச்சா. எல்லாமே மொதக் காயி, அதுதான் இவளுக்கு உரைச்சது. ரெண்டாவது காய், மூணாவது காய், அதையெல்லாம் ஒருத்தரும் தொடல, ஒழுங்கா இவ வீட்டுக் கொழம்புக்கு வந்து சேந்துச்சு. மொதக் காய் மட்டும் யாருக்கு வேணும்? டீச்சர் தன் வாயாலயே சொல்லிருக்கா, மண்ணு ரொப்புன அன்னைக்கு, ரெண்டாவது மாடித் திருப்பத்துல நின்னு. "எங்க ஊருல வயல்ல தோட்டத்துல மொத வெளையுறது கோயிலுக்குத்தான் மைனி. முதற்பலன்னு கொண்டுபோய்ப் படைச்சிருவோம், வீட்டுல திங்க மாட்டோம்." சனிக்கிழமை அறுத்தா ஞாயித்துக்கிழமை ஆராதனைக்குச் சரியாப் போவும். இதுக்கு மேல சாட்சி வேற வேணுமா.

வேணும்னுதான் இங்க உக்காந்திருக்கு. காலு ரெண்டும் திமுதிமுன்னு ஆயிருச்சு. சீவலப்பேரியில இவளோட பெரியத்தை ஆவுடையம்மா இப்படித்தான் ஒரு வைக்கோல் படப்புக்குள்ள ஒளிஞ்சு உக்காந்திருந்தா, கோழிமுட்டை களவு போகுதுன்னு, எதிர்த்த வீட்டுக்காரி மேல அவளுக்குச் சந்தேகம், மத்தியானம் பூராவும் உக்காந்துருந்தவ சரியா அந்தப் பொம்பளை கோழிக்கூட்டுப் பக்கம் குனியுத நேரத்துல தும்மிட்டா. அவ திரும்பிப் பாத்து, "என்ன மைனி, வைக்கோலு திங்க வந்தீகளா"ன்னு கேட்டாளாம். வருசக்கணக்கா ஊரே பெரியத்தைய வைக்கோலுன்னுதான் கூப்பிட்டுச்சு. அந்த எதிர்த்த வீட்டுக்காரி வெக்கப்பட்டு வீடு மாத்திப் போனா, போன பெறகும் முட்டை காணாமத்தான் போச்சு. ஆனா அதுவா இப்ப முக்கியம், தும்மக்கூடாது, அதுதான் முக்கியம். வடிவு மூக்கப் புடிச்சுக்கிட்டா. கேந்தி வாடை வேற காத்துல வந்து மூக்க நிமிண்டுது. டீச்சரும் யாரோ எவளோ இல்ல. ரெண்டு வருசத்துக்கு முந்தி இவளுக்குக் கர்ப்பப்பை எடுத்தப்போ ஒம்பது நாளு ஆஸ்பத்திரியில கூட இருந்தவ அவதான், மக பம்பாயில இருந்து வர முடியல, டீச்சர்தான் தல சீவி விட்டா, மூத்திரப்பையப் புடிச்சுக்கிட்டு பின்னாலயே நடந்தா. உள்ள கொண்டு போகையில கழட்டி அவ கையில குடுத்த ரெண்டு வளையலும் கைக்குட்டையில சுத்துனபடி திரும்பி வந்துச்சு. வளையலத் திருப்பித் தந்தவ வெண்டக்காய எடுப்பாளா? எடுப்பா. வளையல எண்ணிப் பாப்போம்னு அவளுக்குத் தெரியும், வெண்டக்காய யாரு எண்ணுவா. நான் எண்ணுவேன்டி, நான் எண்ணுவேன். இப்படிச் சொல்லிக்கிட்ட ஒடனே வடிவுக்குக் கட்டவெரல் நகம் அரிச்சுது. நகத்து இடுக்குல பச்சக் கறை, சோப்புப் போட்டும் போகல. அது காலைல செஞ்ச காரியம். தண்ணி ஊத்த வந்தவ, பாவக்கொடிக்கு அடியில செவ்வந்தி மொட்டெல்லாம் நாளைக்கு விரியப் போறோம்னு மஞ்ச மூக்க நீட்டிக்கிட்டு நிக்கதப் பாத்தா, பாத்துக்கிட்டே நின்னா, பொறவு குனிஞ்சா. ஒண்ணுதான் கிள்ளணும்னு குனிஞ்சது. ஒரு மொட்டு மொளகாய்க்கு, ஒண்ணு கத்தரிக்கு, ஒண்ணு வெண்டக்காய்க்கு, பொறவு எது எதுக்குன்னு கணக்கு இல்ல, முப்பதுக்கு மேல இருக்கும், முந்தானையில அள்ளிக்கிட்டுப் போய் அடுத்த தெருக் குப்பைத்தொட்டியில தட்டிட்டு வந்தா. பூவுதான. கடையில கிடைக்காத பூவா. நாளைக்கு அவ வீட்டுக்காரரு சாமுவேல் சாரு செத்த நாளு, கல்லறைக்குக் கொண்டு போவா, போட்டும், மார்க்கெட்டுல வாங்கிட்டுப் போட்டும். ஆனா அந்தச் செவ்வந்தி சாமுவேல் சாரு கையால வச்ச தூருல இருந்து பிரிச்சது. வருசா வருசம் அந்தத் தூருப் பூவத்தான் கொண்டு போவா. அதுவும் இவளுக்குத் தெரியும். தெரியாதுன்னு நெனச்சுக்கிட முடியாது, "சரியா ஞாயித்துக்கிழமைக்கு விரிஞ்சிரும் பாருங்க மைனி"ன்னு புதன்கிழமை இவட்டதான் சொன்னா. சரி, களவாண்டு சாமிக்குக் குடுத்தா சாமி கேள்வி கேக்காதோ. நான் கேட்டேன், அவ்ளோதான். வடிவு நகத்தச் சேலையில தேச்சா. தேச்சுக்கிட்டே இருந்தா.

ஒளிஞ்சு உக்காந்திருந்தா ஒளிச்சு வச்சதெல்லாம் ஞாவகத்துக்கு வரும் போல. பரண் மேல, உடைஞ்ச மிக்ஸிக்குப் பின்னால, ஒரு பழைய போர்வையில சுத்துன கல்சட்டி. மாமியாரோட கல்சட்டி, புளிக்கொழம்ப அதுல வச்சா மறுநாளும் கெடாது. மாமியாரு போன பதினாறாம் நாளு நாத்தனா செண்பகம், வீட்டுல கூப்பிடுதது செம்பவம், வேற எதுவும் கேக்கல, அந்தச் சட்டிய மட்டும் கேட்டா. இவ, "அது உடைஞ்சு போச்சே செம்பவம்"னு சொல்லிட்டா. எதுக்குச் சொன்னோம்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல, வாயில வந்துருச்சு. செண்பகம் ஏறிட்டுப் பாத்தா, ஒரு பார்வைதான், அந்தப் பார்வையில தெரிஞ்சு போச்சு அவளுக்குத் தெரிஞ்சு போச்சுன்னு, அதுக்கப்புறம் அவள வீட்டுக்குள்ள விட முடியுமா, பரணு இருக்க வீடாச்சே. ஒரு சின்ன வாக்குவாதத்தப் புடிச்சுப் பெரிசாக்கி, வரப்போக வேண்டாம்னு இவதான் நிறுத்துனா. ஒம்பது வருசம். வீட்டுக்காரரு குத்தாலிங்கம் எதிர்த்து ஒரு வார்த்த பேசல, டெலிபோன் ஆபீஸ்ல முப்பத்தாறு வருசம் அடுத்தவன் சண்டையக் காதுல கேட்டுக்கிட்டே வயர மாட்டுன மனுசன், பேசாம இருக்க நல்லாத் தெரியும். சனிக்கிழமைச் சனிக்கிழமை பெருமாள் கோயிலுக்குப் போவாக, துளசி கொண்டு வருவாக. சும்மா சொல்லக்கூடாது, இந்த வயசுல இப்படி ஒரு புருசன் யாருக்கு வாய்க்கும். டொக். டொக். இது தண்ணி இல்ல. இது செருப்பு.

வடிவு மூச்ச நிறுத்துனா. கதவு கிறீச்சுனு தெறந்துச்சு. டீச்சர் செருப்பு இப்படிச் சத்தம் போடாதே, அவ ரப்பர் செருப்புல்லா போடுவா. வளைவு வழியா மொதல்ல ஒரு வேட்டிக் கரை தெரிஞ்சுது, பொறவு மஞ்சப்பை, பொறவு குத்தாலிங்கம். அட, நம்மளத் தேடி வந்துட்டாகளா, சாயங்காலக் காபிக்கு நேரமாயிருச்சான்னு இவ எந்திரிக்கப் பாத்தா, எந்திரிக்க முடியல, காலு செத்துப் போயிருக்கு, அதுக்குள்ள அந்த மனுசன் பாத்தி முன்னால நின்னு, சட்டைப் பையில இருந்து பேனாக் கத்திய எடுத்தாக. பாவக்காய ஒரு கையில ஏந்தி, காம்ப நறுக்குனாக. நறுக்கி, கண்ணுல ஒத்திக்கிட்டு, காகிதத்துல சுத்திப் பையில போட்டாக. இவுகளா. இவுகளுக்கு எதுக்கு, வீட்டுல ஆக்குதத் திங்கிற மனுசனுக்கு எதுக்குத் தனியா பாவக்கா, அப்போ யாருக்கோ, யாருக்கு, அந்த நேரம் பாத்து ரப்பர் செருப்பு வருது, சத்தமில்லாம, பூக்கூடையும் கத்திரிக்கோலுமா ரோஸ்லின் டீச்சர் வந்து நிக்கா. ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாத்துத் திடுக்கிடல. அதுதான் வடிவு கண்ணுல குத்துச்சு. திடுக்கிடல. பழகுன மாதிரி நிக்காக. மூணு சனிக்கிழமை. அதுக்கு முந்தி எத்தன சனிக்கிழமையோ. ஒம்பது நாள் ஆஸ்பத்திரியில கிடந்தேனே, அப்போ சாப்பாடு கொண்டாறேன்னு இவுகளும் அவகிட்ட வந்து வந்து நின்னாகளே, துளசியா கொண்டு வாரீக, துளசி, எந்தக் கோயில்ல குடுத்தாக துளசி.

"இன்னைக்குப் பாவக்காயா அண்ணாச்சி"ன்னா டீச்சர்.

"ஆமாம்மா. நேத்தே முத்திரும் போலருந்துச்சு. ராத்திரி பூரா பயம், வடிவு பறிச்சுருவாளோன்னு."

"எப்படி இருக்காக ஒங்க தங்கச்சி."

"கண்ணுதான். சக்கரை நோவு முழுசாத் தின்னுட்டுது. கையில குடுத்தாத் தடவிப் பாத்துதான் சொல்லுதா, போன வாரம் மொளகாயத் தடவிட்டுக் கண்ணத் தொட்டுட்டா, ஒரே ரகள." அவுக சிரிச்சாக. பொறவு சிரிக்கல. "எங்க வீட்டுல எந்தச் செடியா இருந்தாலும் மொதக் காயி, கன்னிக்காய், வீட்டுல பொறந்த பொம்பளப்பிள்ளைக்குத்தாம்மா போவும். எங்கம்மை இருக்க வரைக்கும் அப்படி. கன்னிக்காய் வந்தா அண்ணன் வீடு நல்லாருக்குன்னு அர்த்தம்பா செம்பவம். மைனியா குடுத்துவிட்டான்னு கேக்கா. ஆமான்னு சொல்லிட்டு வாறேன்."

கன்னிக்காய். வடிவுக்கு அந்தச் சொல்லு எங்கயோ ஆழத்துல போய் இடிச்சுது. கல்யாணம் ஆன மொத வருசம், மாமியா ஒரு சுரைக்காய இவ கையில குடுத்து, "செம்பவத்துக்குக் கொண்டு குடுத்துட்டு வா, கன்னிக்காய்"ன்னு அனுப்புனது, பஸ்சுல மடியில வச்சுப் போனது, செண்பகம் வாசல்லயே வாங்கிக் கொழந்தைய மாதிரி இடுப்புல வச்சுக்கிட்டது. எப்படி மறந்துச்சு. முதற்பலன் ஞாவகம் இருக்கு, ஊரான் வீட்டு வழக்கம், கன்னிக்காய் ஞாவகம் இல்ல, தன் வீட்டு வழக்கம். மறக்கல, மறந்துக்கிட்டா. அது வேற, இது வேற.

"மைனிட்ட சொல்லிரலாம்லா அண்ணாச்சி."

"சொன்னா செடியவே புடுங்கிருவா."

"அதுக்கில்ல. நான் எடுத்தேன்னு என்மேல நெனச்சிருக்காக. மூணு வாரமா காபிக்குக் கூப்பிடல, படியில பாத்தா மூஞ்சத் திருப்பிக்கிடுதாக."

"ஒங்க மேலயா. ஏம்மா, அப்படின்னா நான் இன்னைக்கே…"

"வேண்டாம், வேண்டாம். நீங்க மெதுவா, நேரம் பாத்துச் சொல்லுங்க. அது வரைக்கும் பழி என்மேலயே இருந்துட்டுப் போட்டும். எனக்கென்ன, பாவக்கா பிடிக்கவே பிடிக்காது."

குத்தாலிங்கம் பைய நெஞ்சோட அணைச்சுக்கிட்டுப் படியெறங்கிப் போயிட்டாக. டீச்சர் கூடைய வச்சுட்டு, சேலைய ஒதுக்கிக்கிட்டு, பாவக்கொடிக்கு அடியில குனிஞ்சா. குனிஞ்சவ அப்படியே இருந்தா. வடிவுக்கு அவ முதுகு மட்டும்தான் தெரியுது, சட்டைக்கும் கொண்டைக்கும் நடுவுல வேர்த்த கழுத்து. அவ ஒவ்வொரு காம்பாத் தொட்டுப் பாக்கா, மொட்டு இருந்த எடத்த. ஒண்ணு. அடுத்தது. அடுத்தது. அணிலுன்னு நெனச்சுக்கோ, தாயே, அணிலுன்னு நெனச்சுக்கோ, கிளி, குருவி, எதுவோ. கத்திரிக்கோல் கீழ விழுந்து கணீர்னுச்சு, அவ எடுக்கல. திரும்பாமலே, சத்தம் கூட்டாமச் சொன்னா: "வெளிய வாங்க மைனி. காலு மரத்துப் போயிருக்கும்."

காத்து. முந்தானை. சுவருக்கு மேல முந்தானை ஆடிருக்கும். எப்பப் பாத்தா? இப்பத்தானா, இல்ல வந்தவொடனேயா? வந்தவொடனே பாத்திருந்தா, அப்போ அந்த என்மேலயே இருந்துட்டுப் போட்டும், அது அண்ணாச்சிக்குச் சொன்னதா, எனக்குச் சொன்னதா, என் காதுல விழட்டும்னு சொன்னதா. அப்படிச் சொன்னவ நல்லவளா, கெட்டிக்காரியா. வடிவு மனசு அந்தக் கேள்வியச் சுத்திச் சுத்தி வந்துச்சு, ஈ வெல்லத்தச் சுத்துற மாதிரி, சுத்துற வரைக்கும் எந்திரிக்க வேண்டாம்லா. ஆனா தொட்டி சுடுது. சுவரப் புடிச்சு, தொட்டியப் புடிச்சு, முட்டி ரெண்டும் முறுக்குற சத்தம் கேக்க எந்திரிச்சு, நொண்டி நொண்டி வந்து பாத்திக்கு இந்தப் பக்கம் நின்னா. டீச்சர் அந்தப் பக்கம் நிக்கா. அவ கண்ணு செவந்துருக்கு, ஆனா அழல.

"நான்தான் கிள்ளுனேன்"ன்னா வடிவு.

"தெரியும். அணிலு நகத்தால கிள்ளாது."

"நீ எடுத்தேன்னு நெனச்சுட்டேன் டீச்சர்."

"அதுவும் தெரியும் மைனி." கீழ கிடந்த கத்திரிக்கோல எடுத்துத் தொடச்சா. "நாளைக்கு அவுகளுக்கு என்னத்தக் கொண்டுட்டுப் போவேன், அதச் சொல்லுங்க. கேந்திய அவுகளுக்குப் பிடிக்காது, செத்தாலும் பிடிக்காது. கடைப் பூவ வாழ்நாள்ல வாங்கினதில்ல. சொல்லுங்க."

வடிவு பாத்தி ஓரமா ரெண்டு எட்டு நொண்டி நகந்தா. கண்ணு பாத்தி மேல ஓடுச்சு, கேந்தி, வாடாமல்லி, மொட்டையா நிக்க செவ்வந்தி, அதத் தாண்டி கத்தரி. ரெண்டாவது காய்ப்புக்கு கத்தரி பூத்து நிக்கு, ஊதா ஊதாவா, நடுவுல மஞ்ச மூக்கு, இல தெரியாத அளவுக்கு. ஒரு பூவு ஒரு காயி. இவ குனிஞ்சு ஒண்ணக் கிள்ளி, டீச்சரோட கூடையில போட்டா. இன்னொண்ணக் கிள்ளுனா. கத்தரிப்பூவ யாரு கல்லறைக்கு வைப்பா, சிரிப்பாக, சிரிக்கட்டும். மூணு, நாலு. இந்த வாரக் கொழம்பு போச்சு. ஏழு, எட்டு. போதும்னு சொல்லுவா. பத்துக்குள்ள சொல்லிருவா, டீச்சருக்கு இளகுன மனசு, காய் வேண்டாமா மைனின்னு கையப் புடிச்சுருவா. பதினாலு. ஒரு செடி முடிஞ்சு அடுத்த செடிக்கு நகந்தா, முள்ளு கையில கீறுச்சு, கீழ மணி அடிக்காக, கூட்டத்துக்கு. ஓரக்கண்ணால பாத்தா. டீச்சர் கூடைய இன்னும் கொஞ்சம் கிட்டக்க நகத்தி வச்சா, அவ்வளவுதான். வடிவு மூணாவது செடிக்குக் குனிஞ்சா.